பெரியம்மா பார்த்த காற்றாடிகள்

சென்ற மாதம் எங்கள் பெரியம்மா அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தார். அயோவா என்ற ராஜ்யத்தில், டி மாயின் நகரத்தில் அவருடைய பெண்ணும் மாப்பிள்ளையும் இருக்கிறார்கள். ஆறு மாதம் பேரனைப் பார்த்துக்கொண்டு அங்கே இருந்துவிட்டு வந்திருக்கிறார். ஊருக்கு வந்தவரை விசாரிக்கப் போனேன்.

"நயாகரா பார்த்தீர்களா, பெரியம்மா?"

"இல்லை."

"நியூயார்க்?"

"ராத்திரி விமானத்திலிருந்து வெளிச்சம் தெரிந்தது."

"பின்னே என்னதான் பார்த்தீர்கள்?"

"சோளம்!" என்றார் பெரியம்மா. "மக்காச்சோளம். கார் ஒரு மணி நேரம் போகிறது, இரண்டு பக்கமும் சோளம். இன்னும் ஒரு மணி நேரம் போகிறது, மறுபடியும் சோளம். நடு நடுவே கொஞ்சம் சோயா. களை எடுக்க ஓர் ஆள் கிடையாது. வரப்பில் ஒரு பெண்பிள்ளை கிடையாது. ஆனால் அந்தச் சோளத்துக்கு நடுவே கோயில் கோபுரத்தைவிட உயரமாக வெள்ளை வெள்ளையாகக் காற்றாடிகள் நிற்கின்றன, பார்! மூன்று கையை வீசிக்கொண்டு சாவகாசமாகச் சுற்றுகின்றன. யார் வயலில் யார் நட்டது என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். வயல் குடியானவனுடையதாம், காற்றாடி மின்சாரக் கம்பெனியுடையதாம், குடியானவனுக்கு வாடகையாம். இதற்கெல்லாம் வழி செய்தவர் அந்த ஊர்க் கிழவர் ஒருவராம். அதுதான் எனக்குப் புரியவில்லை. பூமி சூடாகிறது, கரியமில வாயுவைக் குறைக்கவேண்டும் என்று யாராவது சட்டம் கொண்டுவந்தால், அந்தக் கிழவர் எழுந்து நின்று எதிர்த்து ஓட்டுப் போடுவாராமே? பின்னே எதற்காகக் காற்றாடி நட்டார்? நீ பத்திரிகைக்காரன்தானே, சொல்லு."

அன்றைக்கு நான் காப்பியைக் குடித்துவிட்டு நழுவிவிட்டேன். பிறகு புத்தகங்களைப் புரட்டிப் பார்த்ததில், பெரியம்மாவின் கேள்வி சாதாரணக் கேள்வி அல்ல என்று தெரிந்தது. வாசகிகளும் கேட்டு வைப்பது நல்லது.

கிழவரின் பெயர் சக் கிராஸ்லி. 1933-ல் அயோவாவில் நியூ ஹார்ட்போர்டு என்னும் சிற்றூரில் பிறந்தவர். குடியானவர். பண்ணை வருமானம் போதாத காலத்தில் தகரத் தகடு வெட்டும் வேலையும் தொழிற்சாலை வேலையும் பார்த்திருக்கிறார். 1959-ல் அயோவா சட்டசபைக்குப் போனார். 1975-ல் வாஷிங்டனுக்குப் போய்ப் பிரதிநிதிகள் சபையில் உட்கார்ந்தார். 1981 ஜனவரியில் செனட் என்ற மேல்சபைக்குள் நுழைந்தார். 2022-ல் எட்டாவது தடவையாக ஜனங்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 2025 செப்டம்பரில் அவருக்கு 92 வயது நிறைந்தது. அயோவாவில் 99 ஜில்லாக்கள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் 99-க்கும் போய் ஜனங்களைப் பார்ப்பது 1981-லிருந்து அவருடைய வழக்கம். ஓட்டு வாங்கின பிறகும் தொகுதிக்கு வருகிற மனிதர் என்றால் நமக்கே ஆச்சரியமாக இல்லையா?

இவருடைய மனசைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் 1980-களில் அயோவாவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முந்திய பத்து ஆண்டுகளில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. பாங்கிகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் கொடுத்தன. குடியானவர்கள் வாங்கி, மேலும் நிலமும் டிராக்டரும் சேர்த்தார்கள். திடீரென்று வட்டி ஏறியது. தானியத்தின் விலை இறங்கியது. 1981-க்கும் 1986-க்கும் இடையே அயோவாவில் நிலத்தின் விலை பாதிக்கும் கீழே போய்விட்டது. மூன்று தலைமுறையாக உழுத பூமி ஏலத்துக்கு வந்தது. ஏலம் போடுகிறவன் வாசலில் நிற்க, அடுப்பங்கரைச் சாமானைக்கூட எடுத்து வெளியே வைத்த வீடுகள் உண்டு.

நம் ஊரில் 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்' என்றால் ஏளனமாகச் சொல்லுவோம். கிராஸ்லி அந்த மஞ்சள் கடுதாசியிலேயே குடியானவனுக்கு ஒரு வழி வைத்தார். 1986-ல் அவர் முயற்சியால் அமெரிக்காவின் திவால் சட்டத்தில் பன்னிரண்டாவது அத்தியாயம் என்று ஒன்று சேர்ந்தது. அதன்படி கடன்பட்ட குடும்பம் நிலத்தை விடாமல் உழுதுகொண்டே, வருகிற வருமானத்திலிருந்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் தவணையாகக் கட்டலாம். முதலில் தற்காலிகமாக வந்த சட்டம், 2005-ல் நிரந்தரமாயிற்று.

நிலம் கையைவிட்டுப் போகக்கூடாது. சோளத்தின் விலை விழுந்தாலும் வீட்டில் அடுப்பு எரியவேண்டும். கிராஸ்லியின் அபிப்பிராயங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் வேர். காற்றாடியும் இந்த வேரிலிருந்து கிளம்பியதுதான்.

காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கிற யோசனையில் அயோவா முன்னோடி. 1983-லேயே அந்த ராஜ்யம் ஒரு சட்டம் செய்தது: அங்கிருந்த இரண்டு பெரிய மின்சாரக் கம்பெனிகள் காற்று முதலிய வற்றாத வழிகளிலிருந்து 105 மெகாவாட் பெற்றே ஆகவேண்டும் என்று. ஆனால் அப்போது காற்று மின்சாரத்தின் விலை கட்டுப்படியாகவில்லை. 1992-ல் வாஷிங்டனில் ஓர் எரிசக்திச் சட்டம் நிறைவேறியபோது அதற்குள் கிராஸ்லி ஒரு சலுகையைச் சேர்த்தார். காற்றாடி உற்பத்தி செய்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒன்றரை செண்ட் வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். முதல் பத்து ஆண்டுகளுக்கு. விலைவாசி ஏறினால் சலுகையும் ஏறும். நட்டதற்குக் காசு இல்லை, சுற்றினால்தான் காசு!

குடியானவன் வீட்டில் நடந்தது என்ன? ஒரு காற்றாடிக்காக அவன் சாகுபடியிலிருந்து இழக்கிற நிலம் ஓர் ஏக்கருக்கும் குறைவு. அடிவாரம் வரைக்கும் சோளம் விதைத்துக்கொள்ளலாம். ஒரு காற்றாடிக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் வாடகை வருகிறது. மழை பொய்த்தாலும் வரும், சோளத்தின் விலை படுத்துவிட்டாலும் வரும். மாட்டுக்குத் தீனி, வயலுக்கு உரம் என்று கையைக் கடிக்கிற காலத்தில் மாதச் சம்பளம் மாதிரி ஒரு தொகை வந்தால் அந்த வீட்டு அம்மாள் எப்படி நிம்மதியாகத் தூங்குவாள் என்பதை நம் வாசகிகளுக்குச் சொல்லவேண்டியதில்லை. காற்றாடி செலுத்துகிற வரியில் ஜில்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் பங்கு உண்டு.

2022-ல் அயோவாவில் உற்பத்தியான மின்சாரத்தில் 62 சதவிகிதம் காற்றிலிருந்து வந்தது. அமெரிக்காவில் வேறெந்த ராஜ்யத்திலும் அந்த அளவு இல்லை. பூமியின் சூட்டைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறவர்களின் ராஜ்யங்கள்கூடச் சோளக் கொல்லைக்காரரின் ராஜ்யத்துக்குப் பின்னால்தான் நின்றன.

ஆனால் எல்லாம் சுகமாக நடக்கவில்லை. இந்தச் சலுகைக்கு அவ்வப்போது கெடு முடிந்துவிடும். பிறகு சபை கூடி நீட்டிக்கவேண்டும். இந்த மாதம் சர்க்கரை உண்டா இல்லையா என்று ரேஷன் கடை வாசலில் நிற்கிற கதைதான். 2012-ல் அமெரிக்கா முழுவதும் 13,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாடிகள் எழும்பின. அந்த ஆண்டு முடிவில் கெடு. நீட்டிப்பார்களோ மாட்டார்களோ என்ற பயத்தில் புது வேலை எதையும் யாரும் தொடங்கவில்லை. 2013-ல் எழும்பியது சுமார் 1,100 மெகாவாட்தான்.

இதன் அடி எங்கே விழுகிறது என்பதற்கு நியூட்டன் என்ற ஊரைச் சொல்லவேண்டும். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பெயர் போன மேடேக் கம்பெனி அந்த ஊரில்தான் இருந்தது. அமெரிக்கப் பெண்களின் கைகளுக்கு ஓய்வு கொடுத்த ஊர் என்றே சொல்லலாம். 2007-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. மறு ஆண்டே காற்றாடியின் இறகு செய்கிற சாலை ஒன்று அங்கே திறந்தது. துவைக்கும் இயந்திரம் செய்த கைகள் இறகு செய்யப் பழகின. 2021-ன் கடைசியில் அந்தச் சாலையும் ஒரு முறை மூடப்பட்டு, சுமார் எழுநூறு பேர் வேலை இழந்தார்கள். சட்டசபையில் ஒரு வரி மாறினால் எங்கோ ஒரு வீட்டில் மளிகைக் கடைக் கணக்கு நிற்கிறது.

இனி சோளத்துக்கு வருவோம்.

அயோவாவில் விளைகிற சோளத்தில் பெரும் பகுதி மனிதர் வாய்க்குப் போவதில்லை. மாட்டுக்கும் பன்றிக்கும் போகிறது. இன்னொரு பெரும் பகுதியைப் புளிக்கவைத்துக் காய்ச்சி, எத்தனால் என்னும் ஒரு வகைச் சாராயமாக்கி, பெட்ரோலில் கலக்கிறார்கள். அயோவாவில் மோட்டார்களுக்கு மதுவிலக்கு கிடையாது! ஒரு புஷல், அதாவது சுமார் 25 கிலோ சோளத்திலிருந்து பத்து லிட்டருக்குச் சற்று அதிகமான எத்தனால் கிடைக்கிறது. மிச்சம் சுமார் ஏழரைக் கிலோ சக்கை. அது நம் ஊர்ப் பிண்ணாக்கு மாதிரி மாட்டுத் தீனிக்கு ஆகிறது. 2005-லும் 2007-லும் வந்த சட்டங்கள், பெட்ரோலில் இதை இத்தனை கலந்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் ஆக்கின. கிராஸ்லி இதற்குப் பெரிய காவலர். அமெரிக்கச் சோளத்தில் ஏறக்குறையப் பத்தில் நாலு பங்கு இந்த வழிக்குப் போகிறது.

இங்கேதான் வழக்கு. சாப்பாட்டுத் தானியத்தை மோட்டாரில் ஊற்றலாமா என்ற கேள்வி 2008-ல் உலகமெங்கும் உணவுப் பொருள் விலை ஏறியபோது எழுந்தது. கிராஸ்லி அதை ஒத்துக்கொள்ளவில்லை. விலையேற்றத்துக்குச் சோளத்தின்மேல் பழி போடுவது அநியாயம் என்று சபையில் வாதாடினார். பூமியின் சூட்டுக்காவது இது நல்லதா என்றால், விஞ்ஞானிகளே இரண்டு கட்சி. பெட்ரோலைவிட எத்தனாலால் உண்டாகும் கரியமில வாயு 39 சதவிகிதமாவது குறைவு என்று 2019-ல் அமெரிக்க விவசாய இலாகா வெளியிட்ட ஆராய்ச்சி சொன்னது. இல்லை, புதிதாகப் புல்வெளியை உழுது சோளம் போடுவதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் பெட்ரோலைவிட 24 சதவிகிதமாவது அதிகமாகவே இருக்கக்கூடும் என்று 2022-ல் வந்த இன்னொரு ஆராய்ச்சி சொன்னது. வித்தியாசம் எங்கே? எந்தச் செலவை வீட்டுக் கணக்கில் எழுதுவது, எதை விட்டுவிடுவது என்பதில்தான். பால்காரனுக்குக் கொடுத்ததை எழுதாமல் விட்டால் மாதக் கடைசியில் எல்லார் வீட்டிலும் பணம் மிச்சம்தான்!

கிராஸ்லி தம் கட்சிக்காரர்களையும் பெரிய பண்ணைக்காரர்களையும் விட்டுவைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்க சர்க்கார் குடியானவர்களுக்குக் கொடுக்கும் மானியத்துக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வரம்பு உண்டு. பெரிய பண்ணைகள் என்ன செய்யும்? வீட்டில் உள்ளவர்களை எல்லாம் 'நிர்வாகி' என்று எழுதிவிடும். தலைக்குத் தலை மானியம். மண்ணை மிதிக்காதவர்களுக்கு எதற்கு மானியம் என்று கிராஸ்லி பல ஆண்டுகள் மன்றாடினார். அவருடைய திருத்தம் ஒரு சபையில் நிறைவேறும். பிறகு இரண்டு சபைகளும் சமரசம் பேசும் அறையில் காணாமற் போய்விடும். 2018-ல் நடந்தது வேடிக்கை. வரம்பை இறுக்கச் சொன்னால், ஒன்றுவிட்ட சகோதரர்களையும், உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளையும் கூடச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள். நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் எழுதுகிற பட்டியல்கூட இவ்வளவு நீளம் இராது. அந்த மசோதாவைச் செனட்டின் விவசாயக் கமிட்டியிலேயே எதிர்த்தார் கிராஸ்லி; அங்கே விழுந்த ஒரே எதிர் ஓட்டு அவருடையது. கடைசியில் சபையில் 87 பேர் ஆதரித்து நிறைவேறியபோதும் எதிர்த்த 13 பேரில் அவர் ஒருவர். தாமே சோளம் பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் இப்படிச் செய்தார் என்பது சாமானியம் அல்ல.

இப்போது பெரியம்மாவின் கேள்வி. காற்றாடி நட்டவர் சீதோஷ்ணச் சட்டங்களை ஏன் எதிர்க்கிறார்?

2009-ல் கரியமில வாயுவுக்கு உச்சவரம்பு கட்டும் மசோதா கீழ்ச்சபையில் நிறைவேறியது. கிராஸ்லி எதிர்த்தார். டீசல் விலை ஏறும், இயற்கை வாயுவிலிருந்து செய்கிற உரத்தின் விலை ஏறும், குடியானவன் முதுகு ஒடியும். சீனாவும் இந்தியாவும் கட்டுப்படாமல் அமெரிக்கா மட்டும் கட்டுப்பட்டால் பூமிக்கு என்ன லாபம் என்பது அவர் கட்சியின் வாதம். அவருடைய வாதமும் அதுதான். மசோதா செனட்டில் ஓட்டுக்கே வரவில்லை. 2022-ல் வேறு ஒரு சட்டம் வந்தது. அதில் காற்றுச் சலுகைக்கு நீண்ட ஆயுள் கொடுக்கப்பட்டிருந்தது. அதற்கும் அவர் எதிர் ஓட்டு. அவர் கட்சியில் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை.

ஆக, சூடு, வாயு, உலகம் என்று பேசினால் கிராஸ்லியின் காது மூடிக்கொள்ளும். வாடகை, விலை, வேலை என்று பேசினால் திறக்கும். இதை இளப்பமாகச் சொல்லவில்லை. உபதேசத்தால் அசையாத மனிதர்கள் வயிற்றுப்பாட்டால் அசைகிறார்கள். அப்படி நட்ட காற்றாடியிலும் புகை கிடையாது. நோக்கம் எதுவானாலும் பலன் ஒன்றுதானே என்று நானும் ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டேன்.

அப்புறம் 2025-ல் நடந்ததைப் படித்தேன்.

2016-லேயே, அவருடைய கட்சியின் ஜனாதிபதி அபேட்சகர் டிரம்ப் காற்றாடியைப் பழித்துப் பேசியபோது, அந்தச் சலுகையை எடுப்பதானால் என் பிணத்தைத் தாண்டித்தான் எடுக்கவேண்டும் என்ற பொருளில் கிராஸ்லி சபதம் சொல்லியிருந்தார். 2019-ல், காற்றாடியின் சத்தத்தால் புற்றுநோய் வரும் என்று ஜனாதிபதி பேசியபோது, அது முட்டாள்தனம் என்று பத்திரிகைக்காரர்களிடம் கூசாமல் சொன்னார். 2025 ஜூலை முதல் தேதி ஒரு பிரம்மாண்டமான வரி மசோதா செனட்டில் ஓட்டுக்கு வந்தது. சட்டம் கையெழுத்தானதிலிருந்து ஓர் ஆண்டுக்குள் வேலை தொடங்காத புதுக் காற்றாடிகள், 2027 முடிவதற்குள் மின்சாரம் கொடுக்கத் தொடங்காவிட்டால் சலுகை கிடையாது என்றது அது. அதாவது 1992-ல் தொடங்கிய ஏற்பாட்டுக்கு முடிவு. மானிய வரம்பையும் அதே மசோதா 1,25,000 டாலரிலிருந்து 1,55,000 ஆக உயர்த்தியது. ஓட்டு ஐம்பதுக்கு ஐம்பது. உபஜனாதிபதியின் ஓட்டால் நிறைவேறியது. ஒரே ஓர் ஓட்டு மாறியிருந்தால் மசோதா விழுந்திருக்கும்.

கிராஸ்லி ஆதரித்து ஓட்டுப் போட்டார்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் இருந்த மசோதா இன்னும் கொடியது. காற்றாடிகள்மேல் புது வரியே போடுவதாக இருந்தது. கிராஸ்லியும் வேறு இரண்டு செனட்டர்களும் திருத்தம் எழுதிக் கொடுத்துப் போராடினார்கள். கடைசியில் அந்த வரி போயிற்று. ஓர் ஆண்டு அவகாசம் கிடைத்தது. குடியானவர்களுக்கு வேறு வரிச் சலுகைகளும் அதில் இருந்தன. எத்தனாலுக்கு உதவும் சலுகை 2029 வரைக்கும் நீண்டது. புல்வெளியை உழும் கணக்கு இருந்ததே, அந்தப் பத்தியையே அடித்துவிட்டார்கள். பிறகு ஆகஸ்டில், சர்க்கார் விதிகளை எழுதுகிற சாக்கில் அந்த ஓர் ஆண்டையும் பிடுங்கிவிடப் பார்க்கிறது என்று தோன்றியதும், நிதி இலாகாவுக்கு நியமிக்கப்பட்டவர்களின் பெயர்களைச் சபையில் நகரவிடாமல் கிராஸ்லி தடுத்து நிறுத்தினார்.

ஆகவே முழுதும் கைவிட்டார் என்று சொல்ல மனம் வரவில்லை. முழுதும் காப்பாற்றினார் என்றும் சொல்ல முடியவில்லை. ஜில்லாவுக்கு ஜில்லா போய்ச் சோளத்தின் பாஷையில் பேசுகிறவர், கட்சி கூப்பிட்ட அன்று கட்சியின் பாஷையில் ஓட்டுப் போட்டார். பலன் ஒன்றுதானே என்று நான் நினைத்ததில் எங்கே ஓட்டை என்று அப்போதுதான் புரிந்தது. லாபத்துக்காக நட்டது லாபம் வேறு பக்கம் தெரியும் வரைக்கும்தான் நிற்கும். எதற்காக நட்டோம் என்பதற்கு இன்னும் ஒரு காரணமும் இருந்திருந்தால், அந்த ஓர் ஓட்டைப் போடுவதற்குக் கொஞ்சம் கை நடுங்கியிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"இருக்கிற காற்றாடிகள் என்ன ஆகும்?"

"அவை சுற்றும், பெரியம்மா. பத்து ஆண்டுச் சலுகை ஏற்கெனவே கிடைத்தவைகளுக்குத் தொந்தரவு இல்லை. வாடகையும் வரும். புதிதாக வருகிறவைகளுக்குத்தான் கஷ்டம். சலுகை என்பது நடைவண்டி மாதிரி. குழந்தை நடக்கப் பழகும் வரைக்கும்தான் என்று அந்தக் கட்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 2015-லேயே ஐந்தாண்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது என்று கிராஸ்லியே ஒத்துக்கொண்டார்."

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. காம்புகளை ஒரு பக்கம், இலைகளை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"2020-ல் அங்கே ஒரு புயற்காற்று அடித்ததாம். ஆகஸ்டு பத்தாம் தேதி. கதிர் பிடித்து நின்ற சோளத்தை எல்லாம் ஒரே பிற்பகலில் பாய் விரித்த மாதிரி படுக்க வைத்துவிட்டதாம். பெண் சொன்னாள். அன்றைக்கு அந்தக் கிழவரின் ஊர்க்காரர்கள் கட்சி பார்த்தா அழுதார்கள்?"

நான் பதில் சொல்லவில்லை.

"நடைவண்டியை எடுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை" என்றார் பெரியம்மா. "என் ஐந்து பிள்ளைகளுக்கும் ஒரு நாள் நான்தான் எடுத்துப் பரண்மேல் போட்டேன். ஆனால் குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வெடுக்கென்று இழுத்தேனா? அந்தக் கிழவருக்கும் வீட்டில் ஐந்து பிள்ளைகள் என்றுதானே சொன்னாய்? அவர் வீட்டு அம்மாளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்."